பழைய பெல்ட் வண்டி: பின்னால் நெல் போகிறது, டேங்கில் அரிசி உடைகிறது. எதிலிருந்து பார்ப்பது?

வடக்குவாய்க்கால்

வணக்கம். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே 9 ஏக்கர், முழுக்க நெல். பழைய பெல்ட் டைப் (சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பட்டையில் ஓடும்) அறுவடை வண்டி ஒன்று வாங்கியாகிவிட்டது. பயிரை அறுக்கும் கத்தி வரிசை, அதாவது கட்டர் பார், 2 மீட்டர். கதிரடிக்கும் ட்ரம் பல் வைத்த ஆக்சியல் டைப் (வைக்கோல் ட்ரம்மின் நீளவாக்கில் சுற்றிக்கொண்டே போகும்); ஒரு பல்லின் நுனியிலிருந்து எதிர்ப்பல்லின் நுனிவரை 62 செ.மீ. மணி மீட்டர் 4,300 காட்டுகிறது, அதை நம்புவதற்கில்லை.

கட்டர் பாரின் வலது பாதியில் பயிர் அறுபடாமல் சில தூர் வேரோடு பிடுங்கி வருகிறது. பின்னால் விழும் வைக்கோலை எடுத்து உதறினால் நெல் கொட்டுகிறது. டேங்கில் துண்டு வைக்கோல் நிறைய, கூடவே உமி உரிந்த அரிசியும் நொய்யும். ஒரு பக்கம் நெல் பிரியாமல் போகிறது, இன்னொரு பக்கம் அடிபட்டு உடைகிறது. இரண்டும் ஒரே வண்டியில் எப்படி?

மெக்கானிக் "இன்ஜினுக்கு இழுவை இல்லை, பிரித்துவிடலாம், ட்ரம்மையும் மாற்றிவிடலாம்" என்கிறார். சிஆர் 1009 அறுவடைக்கு இன்னும் 4 வாரம். முன்னால் நட்ட 60 சென்ட் இப்போதே தயார்; சோதனைக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

பட்டறைமூலை

இன்ஜினைத் தொடாதீங்க தம்பி. புகை கறுப்பா வருதா, ஆயில் குறையுதா, தண்ணி கொதிக்குதா? மூணும் இல்லேன்னா அது பாட்டுக்கு இருக்கட்டும். முதல்ல வாங்க வேண்டியது ஸ்டிக்கர் ஒட்டி லைட் அடிச்சுப் பார்க்கிற டாக்கோமீட்டர் ஒண்ணு. அது இல்லாம இந்த வண்டியில கை வைக்கிறது இருட்டுல ஊசி கோர்க்கிற வேலை.

இன்ஜின் புல்லியில ஒரு ஸ்டிக்கர், ட்ரம் புல்லியில ஒரு ஸ்டிக்கர். முழு த்ராட்டில்ல சும்மா ஓடும்போது ரெண்டையும் எழுதிக்குங்க. அப்புறம் வயல்ல முழு அகலத்துக்குப் பயிர் ஏறும்போது ரெண்டையும் எழுதுங்க. பெல்ட்டை மூடியிருக்கிற கார்டைக் கழட்டிட்டு யாரும் கிட்டப் போகக்கூடாது; கார்டுல ரூபாய் காசு அளவுக்கு ஓட்டை போட்டு அது வழியா லைட் அடிச்சாப் போதும்.

இன்னொண்ணு, ஓட்டுறவர் டீசல் மிச்சம் பிடிக்கிறேன்னு த்ராட்டிலைப் பாதியில வச்சு ஓட்டுறாரான்னு பாருங்க. ட்ரம், காத்தாடி, சல்லடை ஆட்டம், நெல்லை மேல ஏத்துற எலிவேட்டர் எல்லாமே ஒரே இன்ஜின்ல இருந்துதான் சுத்துது. த்ராட்டில் குறைஞ்சா எல்லாம் சேர்ந்து குறையும். பாரம் அதிகமாத் தெரிஞ்சா வண்டி போற வேகத்தைக் குறைக்கணுமே தவிர த்ராட்டிலைத் தொடக்கூடாது.

கருக்காய்

டாக்கோமீட்டர் வரட்டும். அதற்குள் சேதாரத்தையும் அளந்துவிடுங்கள். "நெல் கொட்டுகிறது" என்பது அளவு ஆகாது. ஒரு கையளவு நெல் தரையில் கிடந்தால் கண்ணுக்கு ஒரு மரக்காலாகத் தெரியும்.

கம்பியில் 50 செ.மீ.க்கு 50 செ.மீ. சட்டம் ஒன்று வளைத்துக்கொள்ளுங்கள். அது கால் சதுர மீட்டர். வண்டி முழு அகலத்துக்கு அறுத்துக்கொண்டு போகும்போது சட்டென்று நிறுத்தி, வண்டியின் நீளத்துக்குப் பின்னால் எடுக்கச் சொல்லுங்கள். இப்போது மூன்று இடம் கிடைக்கும். அறுபடாத பயிருக்குள் சட்டத்தை வைத்து எண்ணினால் தானாக உதிர்ந்தது. அறுத்த இடத்தில், ஆனால் வைக்கோல் இன்னும் விழாத பட்டையில் எண்ணினால் அதோடு கட்டர் பாரும், பயிரை உள்ளே இழுக்கும் ரீலும் உதிர்த்ததும் சேரும். வைக்கோல் விழுந்த பட்டையில், வைக்கோலை உதறி எடுத்துவிட்டு எண்ணினால் எல்லாம் சேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் மூன்று இடத்தில் எண்ணிச் சராசரி எடுங்கள்.

ஒரு கவனம்: பின்னால் விழும் பட்டை 1 மீட்டர் அகலம், அறுக்கும் அகலம் 2 மீட்டர் என்றால், 2 மீட்டர் பயிரின் சேதாரம் 1 மீட்டரில் குவிந்திருக்கிறது. ஆகவே பின்பக்கச் சேதாரத்தை இரண்டால் வகுக்க வேண்டும். இதை மறந்துவிட்டு வண்டியைக் குறை சொல்பவர்கள் அதிகம்.

சிஆர் 1009 குண்டு நெல்; ஆயிரம் மணி சுமார் 23.5 கிராம். ஏடிடீ 43 மாதிரி சன்ன ரகம் 15.5 கிராம்தான். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையில் 40 மூட்டை விளைச்சல் என்றால் 1 சதவீதம் 24 கிலோ. குண்டு நெல்லில் அது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 250 மணி, சன்னத்தில் 380. எல்லாம் சேர்த்து 2 சதவீதத்துக்குள் வந்தால் பழைய வண்டிக்கு நல்ல வேலை.

வடக்குவாய்க்கால்

இரண்டும் அளந்தாயிற்று. பாதி வயலில் மட்டும் ஓட்டியது.

சும்மா ஓடும்போது இன்ஜின் 2,500, ட்ரம் 640. முழு அகலத்தில் பயிர் ஏறும்போது இன்ஜின் 2,430, ட்ரம் 520.

மணி எண்ணிக்கை (கால் சதுர மீட்டருக்கு): பயிருக்குள் 5, கட்டர் பாருக்குப் பின்னால் 28, வைக்கோல் பட்டையில் 678. வைக்கோல் பட்டை 1 மீட்டர் அகலம்.

கருக்காய்

கணக்கு: நான்கால் பெருக்கினால் 20, 112, 2,712. முன்பக்கச் சேதாரம் 112 கழித்தல் 20, அதாவது 92. பின்பக்கம் 2,712 கழித்தல் 112, அதைப் பாதியாக்கினால் 1,300. மொத்தம் சதுர மீட்டருக்கு 1,392 மணி, 32.7 கிராம். ஏக்கருக்கு 132 கிலோ. இரண்டு மூட்டைக்கும் மேல். கட்டர் பாரில் போவது அற்பம். கோளாறு முழுக்க உள்ளே இருக்கிறது.

பட்டறைமூலை

அந்த நாலு நம்பர்லயே விஷயம் வந்துடுச்சு. இன்ஜின் 2,500-ல இருந்து 2,430-க்கு இறங்கியிருக்கு, 3 சதவீதம்கூட இல்ல. பாரம் ஏறும்போது இன்ஜின் வேகத்தைப் பிடிச்சு வைக்கிற கவர்னர் இவ்வளவு இறங்குறது வழக்கம்தான். இழுவை இருக்கு. இன்ஜின் 2,430 சுத்தினா ட்ரம் 622 சுத்தணும். உங்களுக்கு 520. அந்த 102 சுத்து பெல்ட்டுல வழுக்கிப் போகுது. 16 சதவீதம் வழுக்கல். 3-க்கு மேல போனாலே பெல்ட் சூடாகிக் கண்ணாடி மாதிரி ஆயிடும்.

நுனி வேகம் கணக்குப் போட ஒரு சுருக்கு வழி. 1910-ஐ மீட்டர் வேகத்தால பெருக்கி, செ.மீ.ல இருக்கிற ட்ரம் விட்டத்தால வகுத்தா சுத்து வரும். நெல்லுக்குப் பல் ட்ரம்ல நொடிக்கு 20 மீட்டர்னு வச்சுக்கிட்டு ஆரம்பிக்கலாம். 62 செ.மீ.க்கு 616 சுத்து. சும்மா ஓடும்போது 640 இருக்கு, சரி. பாரத்துல 520-ன்னா 17 மீட்டர்கூட இல்ல. கதிர்ல நெல்லு எப்படி உதிரும்?

ரெண்டு கோளாறும் ஒண்ணா எப்படின்னு கேட்டீங்கள்ல? முன்னாடி வச்சிருந்தவர் நெல்லு பின்னாடி போகுதுன்னு ட்ரம்முக்குக் கீழ இருக்கிற ஜல்லியை, அதான் கம்பிச் சல்லடையை, நெருக்கியிருப்பார், மேல் மூடிக்குள்ள இருக்கிற வழிகாட்டித் தகட்டைத் திருப்பி வைக்கோலை உள்ளயே நிறுத்துற மாதிரி வச்சிருப்பார். வைக்கோல் உள்ள அதிக நேரம் சுத்தும், பொடியாகும், அந்தப் பொடி சல்லடையை அடைக்கும். சல்லடை அடைச்சா நல்ல நெல்லே, திருப்பி அனுப்புற திருகான ரிட்டர்ன் ஆகர்ல ஏறித் திரும்ப ட்ரம்முக்குப் போய் ரெண்டாவது தடவை அடிபடும். உமி உரிஞ்ச அரிசி அதுலதான் வருது. மேல் மூடியைத் திறந்து தகடு எந்த ஓட்டையில நிக்குதுன்னு பார்த்துச் சொல்லுங்க.

வடக்குவாய்க்கால்

அண்ணே, அப்படியேதான் இருக்கிறது. தகடு எல்லாம் கடைசி ஓட்டையில், வைக்கோலைப் பிடித்து நிறுத்தும் பக்கம். ஜல்லியின் போல்ட்டுக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) வைத்து மேலே ஏற்றியிருக்கிறார்கள். ட்ரம் பெல்ட் இரண்டில் ஒன்று புதுசு, ஒன்று பழசு.

பட்டறைமூலை

புதுசு ஒண்ணு பழசு ஒண்ணு போட்டா, பழசு நீண்டிருக்கும், பாரம் முழுக்கப் புதுசு தலையில. அதுவும் ஒரு பருவம்தான் தாங்கும். ஜோடியா, ஒரே கம்பெனி, ஒரே நம்பர், முடிஞ்சா ஒரே லாட்ல வாங்குங்க.

வாங்குறதுக்கு முன்னாடி புல்லிக் காடியைப் பாருங்க. வி-பெல்ட் பிடிக்கிறது ரெண்டு பக்கச் சுவத்துல, அடியில இல்ல. புது பெல்ட்டை வச்சா அதோட மேல் முகம் புல்லி விளிம்புக்குச் சமமா நிக்கணும். உள்ள இறங்கிப் போனாலோ, காடி அடியில பளபளன்னு இருந்தாலோ காடி தேஞ்சிருக்கு. அதுல எத்தனை புது பெல்ட் போட்டாலும் வழுக்கும். லேத்துல ரெண்டு காடியையும் ஒரே அளவுக்குக் கடைஞ்சுடலாம், ஆனா விட்டம் குறையும், சுத்து மாறும். திரும்ப டாக்கோ பிடிக்கணும்.

அடுத்தது இறுக்கம். ரெண்டு புல்லிக்கும் நடுவுல பெல்ட் தொங்குற நீளம் ஒரு மீட்டர்னா, நடுவுல கட்டைவிரலால நல்லா அழுத்தினா 16 மி.மீ. இறங்கணும். இந்த வண்டியில ட்ரம் கிளட்சே டென்ஷன் புல்லிதான். லீவரைப் போட்டா ஸ்பிரிங் இழுத்து புல்லி பெல்ட்டை அமுக்கும். கேபிள் அட்ஜஸ்ட் முழுக்க முடிஞ்சு போச்சா, ஸ்பிரிங் நீண்டு போச்சா, டென்ஷன் கையோட புஷ் தேஞ்சு புல்லி சாஞ்சு நிக்குதா, மூணையும் பாருங்க. புஷ் தேஞ்சா புல்லியைக் கையால பிடிச்சு ஆட்டினாலே தெரியும். பத்துல ஏழு வண்டியில பெல்ட் மேல பழி, குத்தம் அந்தப் புஷ்ல.

தகட்டை நடு ஓட்டைக்குக் கொண்டு வாங்க, ஷிம்மை எடுத்துடுங்க. முன்னாடி போட்ட ஒட்டு எல்லாத்தையும் பிரிச்சுட்டு சமநிலையில இருந்து ஆரம்பிக்கணும்.

திருகாணி

ட்ரம் மாற்ற வேண்டியதில்லை, ஆனால் பல்லைப் பாருங்கள். சுழலும் பக்கத்து முகம் மழுங்கி உருண்டிருந்தால் கதிரை அடிக்காமல் தள்ளிவிட்டுப் போகும். பல வண்டிகளில் பல்லைக் கழற்றித் திருப்பிப் போட்டால் தேயாத முகம் முன்னால் வரும், காசு செலவே இல்லை. நீளம் 5 மி.மீ.க்கு மேல் குறைந்திருந்தால் புதிது போடுங்கள்.

மாற்றும்போது எதிரெதிர் ஜோடியாக மாற்றுங்கள். அடுப்படியில் இருக்கும் எலக்ட்ரானிக் தராசில் ஒவ்வொரு பல்லையும் நட்டோடு நிறுத்து, சம எடை உள்ளவற்றை எதிரெதிரே போடுங்கள். ஒரு பக்கம் 50 கிராம் கூடினால் 616 சுற்றில் அது 6.5 கிலோ எடையாகி ஒவ்வொரு சுற்றுக்கும் பேரிங்கை உதைக்கும். தேய்ந்த பல் மேல் வெல்டிங் அடித்து நிரப்புவது இதனால்தான் ஆபத்து. எந்தப் பல்லில் எவ்வளவு கம்பி உருகியது என்று யாருக்கும் தெரியாது. முடித்ததும் ட்ரம்மை இரண்டு மட்டமான ஆங்கிள் மேல் ஷாஃப்டோடு படுக்க வைத்து உருட்டிப் பாருங்கள். எங்கே நிறுத்தினாலும் நிற்க வேண்டும். ஒரே பக்கம் கீழே வந்து நின்றால் அந்தப் பக்கம் கனம்.

போல்ட் 8.8 கிரேடு, புது ஸ்பிரிங் வாஷர். பழைய இரும்புக் கடைப் போல்ட் வேண்டாம். ஒரு பல் பிடுங்கினால் ஜல்லியைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

பேரிங் ஹவுசிங்கில் யூசி 207 என்று இருந்தால் ஷாஃப்ட் 35 மி.மீ.; கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கினால் வரும். ஷாஃப்ட் தேய்ந்து பேரிங் தளர்வாக இருந்தால் சென்டர் பஞ்சால் ஷாஃப்டைச் சுற்றிக் குத்தி இறுக்கித் தருவார்கள். குத்திய மேடு இரண்டு வாரத்தில் நசுங்கிவிடும், அதற்குள் ஷாஃப்ட் இன்னும் தேயும். வெல்டிங் ஏற்றிக் கடைவதுதான் வழி, அல்லது புது ஷாஃப்ட்.

தாளடி

வேரோடு பிடுங்குவது பற்றி யாரும் சொல்லவில்லை. அது கத்தி.

முதலில் கத்தி ஓட்டம். புல்லியைக் கையால் சுற்றி, கத்தி ஒரு பக்கம் கடைசியாகப் போய் நிற்கும் இடத்தில் பாருங்கள். ஒவ்வொரு முக்கோண பிளேடின் நடுக்கோடும், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஃபிங்கரின் நடுக்கோட்டுக்கு நேராக நிற்க வேண்டும். எதிர்ப்பக்கமும் அப்படியே. ஒரு பக்கம் தாண்டி, மறுபக்கம் எட்டாமல் நின்றால் கத்தித் தலையில் இருக்கும் அட்ஜஸ்டைத் திருகி நடுவுக்குக் கொண்டு வாருங்கள். தலை பால் ஜாயின்டில் ஆட்டம் இருந்தால் அதை மாற்றாமல் இதைச் செய்து பயனில்லை.

அடுத்து இடைவெளி. பிளேடின் முனை ஃபிங்கரில் இருக்கும் அடித்தகட்டைத் தொட வேண்டும். பின்பக்கம் அரை மில்லிமீட்டர்வரை இருக்கலாம். கத்தியை மேலிருந்து அமுக்கிப் பிடிக்கும் கிளிப்புக்கும் கத்திக்கும் நடுவில் ஒரு பழைய போஸ்ட் கார்டு நுழையலாம், இரண்டு நுழையக்கூடாது. வலது பாதியில் மட்டும் பிடுங்குகிறது என்றால் ஏதோ வரப்பில் அல்லது கல்லில் இடித்து அங்கே ஃபிங்கர்கள் மேலே வளைந்திருக்கும். கட்டர் பாரின் இரு முனைக்கும் நூல் பிடித்தால் எது வரிசை தப்பியது என்று தெரியும். மெல்லியாகத் தட்டி நிமிர்த்தலாம். வார்ப்பிரும்பு ஃபிங்கர் என்றால் உடையும், மாற்றித்தான் ஆக வேண்டும்.

பிளேடு மாற்ற ரிவெட்டின் தலையில் உளி வைத்து அடிக்காதீர்கள், கத்திப்பட்டை வளையும். பட்டையை வைஸில் இறுக்கி, பிளேடின் பின் விளிம்பில் சுத்தியால் ஓங்கி ஒன்று போட்டால் ரிவெட் இரண்டும் அறுந்துவிடும். புது ரிவெட் மெதுவான இரும்பாக இருக்கட்டும், தலையை நன்றாக அமுக்குங்கள். துருத்திக்கொண்டு நின்றால் கிளிப்பில் உரசும். பிளேடு வாங்கப் போகும்போது பழைய பிளேடைக் கையில் கொண்டு போங்கள். 76 மி.மீ. அகலமும் உண்டு, 50 மி.மீ.யும் உண்டு.

ரீல் வேகமும் பாருங்கள். ரீல் நுனி வண்டியைவிடக் கால் பங்கு முதல் அரைப் பங்குவரை வேகமாகப் போக வேண்டும். வண்டி மணிக்கு 2.5 கி.மீ., ரீல் விட்டம் 90 செ.மீ. என்றால் நிமிடத்துக்கு 19 சுற்று. ஒரு பல்லில் சிவப்புத் துணி கட்டிவிட்டு கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணலாம். 30 சுற்றினால் கதிரை அடித்து அங்கேயே உதிர்க்கும்.

கறவைமாடு

நடுவில் ஒரு மாற்றுக் கருத்து. 9 ஏக்கருக்குச் சொந்த வண்டி தேவையா? ஆக்சியல் ட்ரம்மில் போன வைக்கோல் நசுங்கித் துண்டாகிவிடும். மாடு தின்னும், ஆனால் போர் போட்டால் நிற்காது, வைக்கோல் கட்டும் பேலர் கூப்பிட்டால் அதற்குத் தனிச் செலவு. வைக்கோல் வேண்டியவர்கள் பயிரை அறுத்து மட்டும் போடும் ரீப்பரால் அறுத்து, டிராக்டரின் பின்பக்கச் சுழல் தண்டில் (பிடிஓ) ஓடும் கதிரடிக்கும் இயந்திரத்தில் அடிப்பது மேல் என்பது என் கணக்கு. பாகமும் குறைவு, பழுதும் குறைவு.

கருக்காய்

வைக்கோல் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நியாயம். ஆனால் ரீப்பர் அறுத்துப் போட்ட கதிர்த்தாளைக் கட்டிக் களத்துக்குத் தூக்க ஆள் வேண்டும், தை மாதத்தில் டெல்டாவில் ஆள் எங்கே? சாய்ந்த பயிரில் ரீப்பர் திணறவும் செய்யும். ஒரு ஏக்கருக்கு ஆகும் நேரத்தையும் பாருங்கள்: 2 மீட்டர் அகலம், 2.5 கி.மீ. வேகம், மணிக்கு 5,000 சதுர மீட்டர் காகிதத்தில். திருப்பம், டேங்க் இறக்குவது எல்லாம் போக 60 முதல் 65 சதவீதம் நிற்கும். ஏக்கருக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. 9 ஏக்கரை இரண்டு நாளில் முடித்துவிடலாம். மழை மேகம் நிற்கும்போது அந்த இரண்டு நாள்தான் விலை.

களத்துமேடு

கதிரடிக்கும் இயந்திரம் பக்கம் போகிறவர்கள் ஒன்றை மட்டும் பாருங்கள்: தாள் கொடுக்கும் தொட்டி. மொத்த நீளம் 90 செ.மீ.க்குக் குறையக்கூடாது, அதில் ட்ரம் வாய்ப் பக்கம் 45 செ.மீ. மூடியிருக்க வேண்டும். கை முழங்கைவரை போனாலும் பல்லைத் தொடாத தூரம் அது. இந்த இயந்திரங்களுக்காகவே 1983-ல் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. பழைய இயந்திரம் வாங்கினால் அந்த மூடியைத்தான் முதலில் கழற்றி எறிந்திருப்பார்கள். தகடு வாங்கி வெல்டிங் செய்து போடுங்கள்.

பெல்ட் வண்டிக்காரர்களுக்கும் இரண்டு வார்த்தை. முன்பக்கத்தைத் தூக்கி வைத்து அடியில் படுத்து வேலை செய்யும்போது ஹைட்ராலிக்கை நம்பாதீர்கள். சிலிண்டரில் பூட்டுக் கட்டை போடுங்கள், அது தொலைந்திருந்தால் கீழே மரக்கட்டை அடுக்குங்கள். பழைய ஆயில் சீல் எந்த நிமிடமும் விடும். அடைப்பு எடுக்க சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் மூடியைத் திறக்க வேண்டும்; இன்ஜின் நின்றாலும் ட்ரம் கொஞ்ச நேரம் தானாகச் சுற்றும். சைலன்சர் பக்கம் சேரும் வைக்கோல் தூளை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் தட்டிவிடுங்கள். தீப் பிடிக்கும்போது அது மட்டும் எரியாது.

வடக்குவாய்க்கால்

பெல்ட் ஜோடி, டென்ஷன் கை புஷ், நான்கு ஃபிங்கர், பதினோரு பிளேடு மாற்றியாயிற்று. பல்லைத் திருப்பிப் போட்டாயிற்று. தகடு நடு ஓட்டையில். எலிவேட்டர் செயினைப் பற்றியும் கேட்டுவிடுகிறேன்: தளர்வாகத் தெரிகிறது, இரண்டு கண்ணி வெட்டிவிடலாமா?

திருகாணி

வெட்டாதீர்கள், முதலில் அளங்கள். 12ஏ செயின் என்றால் ஒரு கண்ணி 19.05 மி.மீ. கழற்றி, இழுத்துப் பிடித்து, 20 கண்ணியை ஊசி நடுவிலிருந்து ஊசி நடுவரை அளந்தால் புதிதில் 381 மி.மீ. 388-ஐத் தாண்டினால் 2 சதவீதம் நீண்டுவிட்டது, செயினும் பல் சக்கரமும் சேர்த்து மாற்ற வேண்டும். அதற்குள் இருந்தால் அட்ஜஸ்டில் இறுக்கினால் போதும். கண்ணி வெட்டி இறுக்கிய நீண்ட செயின் பல்லின் மேல் ஏறி உட்கார்ந்து பல்லைக் கொக்கி மாதிரி ஆக்கிவிடும்.

எலிவேட்டரைத் திறக்கும்போதே அடி மூடியில் நிற்கும் ஆகரின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். கத்தி மாதிரி கூர்மையாக இருந்தால் அதுவும் நெல்லை உரிக்கும்.

குறுவைக்காரன்

ஒரு சந்தேகம். குறுவையில் நெல் 24, 25 சதவீத ஈரத்தில் வரும், சம்பாவில் நன்றாகக் காய்ந்து வரும். இரண்டுக்கும் ஒரே ட்ரம் வேகமா?

கருக்காய்

இல்லை. ஈரக் கதிருக்குக் கொஞ்சம் கூட, காய்ந்ததுக்குக் கொஞ்சம் குறைவு. 20 முதல் 22 சதவீதம் இருக்கும்போது அறுப்பது நல்லது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம் விதி என்பதால் வயலிலேயே 15-க்கு இறங்கும்வரை விட்டுவைக்கிறார்கள். பகலில் காய்ந்து இரவில் பனியில் நனைந்து மணிக்குள் விரிசல் விழுந்துவிடும். அந்த நெல் எந்த வண்டியில் போனாலும் மில்லில் நொறுங்கும். அதற்கு வண்டியைப் பிரித்துப் பயனில்லை. சோதிக்க, கதிரிலிருந்து கையால் உருவிய 100 மணியை நகத்தால் உரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். குறுக்குக் கோடு தெரிந்தால் விரிசல். அதே எண்ணிக்கை டேங்க் நெல்லிலும் எடுத்தால், வித்தியாசம் மட்டும்தான் வண்டியின் கணக்கு.

தாளடி

குறுவையில் சேறு இன்னொரு தலைவலி. அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பே தண்ணீரை வடித்துவிடுங்கள். ரப்பர் பெல்ட்டை நின்ற இடத்தில் திருப்பாதீர்கள். முன்னும் பின்னுமாக மூன்று தடவையில் திரும்பினால் வயலும் பிழைக்கும், பெல்ட்டும் பிழைக்கும். வரப்பைச் சாய்வாக ஏறாமல் நேராக, பலகை போட்டு ஏறுங்கள். பெல்ட்டின் உள்ளே இருக்கும் இரும்பு வெளியே தெரிந்தால் அந்தப் பருவத்தோடு சரி. அதற்குமேல் நடு வயலில் கழன்றால் வெளியே இழுக்க இன்னொரு வண்டி வேண்டும்.

விதைக்கு வைப்பவர்களுக்கு: வேறு ரகம் அறுத்த வண்டி வந்தால் டேங்க், எலிவேட்டர் அடி மூடி, ரிட்டர்ன் ஆகர் மூன்றையும் திறந்துவிட்டுக் காலியாக ஐந்து நிமிடம் ஓட்டி, முதல் இரண்டு மூன்று மூட்டையைத் தனியாக வையுங்கள். அது விதைக்கு ஆகாது.

வடக்குவாய்க்கால்

60 சென்ட்டில் மீதி இருந்ததில் ஓட்டி அளந்தது. பாரத்தில் இன்ஜின் 2,420, ட்ரம் 608. எண்ணிக்கை: பயிருக்குள் 6, கட்டர் பாருக்குப் பின்னால் 15, வைக்கோல் பட்டையில் 103. உமி உரிந்த அரிசி அருகிவிட்டது. ஒன்று மட்டும்: பின்னால் விழுவதில் இடது பக்கம் எண்ணினால் 150-க்குப் பக்கம், வலது பக்கம் 60 கூட இல்லை.

கருக்காய்

முன்பக்கம் 36, பின்பக்கம் 176, மொத்தம் சதுர மீட்டருக்கு 212 மணி. ஏக்கருக்கு 20 கிலோ. ஒரு சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது.

பட்டறைமூலை

இடது பக்கம் மட்டும்னா ட்ரம்மை விட்டுடுங்க, சல்லடைக்கு வாங்க. முழு வேகத்துல முழுப் பாரத்துல ஓடும்போது ஒரே நேரத்துல வண்டியையும் நிறுத்தி இன்ஜினையும் அணைச்சுடுங்க. எல்லாம் நின்னதும் பக்க மூடியைக் கழட்டிச் சல்லடை மேல பாருங்க. இடது பக்கம் குவியலா, வலது பக்கம் வெறுமையா இருந்தா, வண்டி சாஞ்சு நின்னுச்சா பாருங்க. மட்டமான தரையில நிறுத்திச் சல்லடைச் சட்டத்துல ரசமட்டம் வைங்க. ஒரு பக்கத்து ரப்பர் பெல்ட் இறுக்கமும் மறுபக்கமும் வேற வேறயா இருந்தாலே வண்டி சாயும்.

மட்டம் சரின்னா சல்லடையைத் தாங்குற ரப்பர் புஷ் நாலையும் பாருங்க. இடது பின் புஷ் கிழிஞ்சிருந்தா அந்த மூலை ஆடாம தேங்கும். அதுவும் சரின்னா காத்தாடி. இடது பக்கக் காத்து வாயில வைக்கோல் தூள் அடைச்சு வலை மூடியிருக்கும். ஒரு துணிப் பட்டையைக் குச்சியில கட்டிச் சல்லடை மேல இடமும் வலமும் பிடிச்சுப் பார்த்தா எந்தப் பக்கம் காத்து கம்மின்னு தெரிஞ்சுடும். சும்மா ஓடும்போது மட்டும் செய்யுங்க, குச்சி ஒரு மீட்டருக்குக் குறையாம இருக்கட்டும்.

வடக்குவாய்க்கால்

இடது பக்க வலைதான் அண்ணே. உள்பக்கம் எலி கூடு கட்டியிருந்தது.